பதினாறு வீடும் ஒரு திருப்பமும்

"அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க, பஸ் திரும்பணும்னா வானத்துல போய்த் திரும்பட்டும். என் பதினாறு வீட்டுல ஒரு செங்கல்லைக்கூட விட்டுத்தர மாட்டேன்!"

மூன்றாம் மாடியில் வீட்டுவசதி அதிகாரி இப்படிக் கத்தியபோது காலை பதினொன்றரை. புது கிளார்க் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று எழுதி ஒட்டிய காகிதமே பழுதாகிப் பாதி கிழிந்து தொங்கியது. அன்றைக்கு அவர் படியேறி வந்தது ஆறாவது தடவை.

கோப்புக்குள் இருந்தது ஒரே ஒரு விண்ணப்பம். ஊருக்கு வெளியே, குறைந்த வருமானக்காரர்களுக்கு இருநூற்று நாற்பது வீடுகள். அங்கிருந்து ரயில் நிலையம் வரை பஸ் போக ஒரு சாலை. இரண்டுக்கும் சேர்த்து அரசாங்கம் நிதி தருகிறது. வீட்டுவசதி அதிகாரியும் போக்குவரத்து அதிகாரியும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு, அன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். தவறினால் நிதி வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

கடைசி நிறுத்தத்தில் பஸ் வட்டமடித்துத் திரும்ப இடம் வேண்டும் என்றார் முதல் மாடியில் இருந்த போக்குவரத்து அதிகாரி மேடம். அந்த வட்டம் விழுந்த இடத்தில்தான் மூன்றாம் மாடி சார் பதினாறு வீடு வரைந்திருந்தார். ஒரு வாரமாக ஆபீஸில் இருவரும் நேரில் பார்த்துக்கொள்வதில்லை. ஒருவர் போனை ஒருவர் எடுப்பதில்லை. நடுவில் கிளார்க்கின் முழங்கால்தான் தேய்ந்துகொண்டிருந்தது.

கிளார்க் இந்த அலுவலகத்துக்கு வந்தே நாலு நாள்தான் ஆகிறது. அதுவரை பதிவறையில் பழைய கோப்புகளுக்கு நடுவே இருபது வருஷம் அமைதியாகக் குப்பை கொட்டியவர். அங்கே யாரும் யாரையும் திட்டியதில்லை. திட்டுவதற்கு இன்னொரு ஆள் கிடையாது.

"வானத்துல திரும்பட்டுமா?" முதல் மாடியில் மேடம் பேனாவை மேஜைமேல் வைத்தார். "அப்போ அவர் கட்டற வீட்டுல குடியிருக்கறவங்க றெக்கை கட்டிக்கிட்டு வேலைக்குப் போவாங்களா? இந்த ஜென்மத்துல அந்த ஆளோட பேசறதா இல்லைன்னு சொல்லிடுங்க."

பிறகு கல்யாண மோதிரம் போட்ட விரலால் நெற்றியை அழுத்திக்கொண்டார். "வீட்டுலயும் இதே தலைவலி, ஆபீஸ்லயும் இதே தலைவலி."

பாவம், இவருக்கு வாய்த்த கணவரும் இப்படித்தான் போலிருக்கிறது என்று கிளார்க் நினைத்துக்கொண்டார். மேலே சாரும் காலையில் மோதிரத்தைத் திருகியபடி, "ஒரு வாரமா வீட்டுல முகம் கொடுத்துப் பேச ஆள் இல்லை, கிளார்க். இங்க வந்தா இந்த அம்மா" என்று புலம்பியிருந்தார். வீட்டுக்கு வீடு இப்படி இருந்தால் நாடு எங்கே முன்னேறும்?

பன்னிரண்டாவது படியில் உட்கார்ந்து வீட்டுக்கு போன் போட்டார்.

"என்னங்க, குரலே இல்லை?" என்றாள் மனைவி.

"காலே இல்லை. ரெண்டு பஸ் மாறி, ரெண்டு கிலோமீட்டர் நடந்து ஆபீஸ் வர்றவன் நான். வீட்டுப் பக்கத்துல பஸ் நிக்கறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். இருநூத்தி நாப்பது குடும்பம். இவங்க ரெண்டு பேரோட வீம்புல எல்லாம் போகப்போகுது."

"அவங்க சொல்றதை அப்படியே கொண்டுபோய் ஒப்பிக்கறீங்களா?"

"பின்னே?"

"உங்கம்மா என்னைப் பத்திச் சொல்றதை என்கிட்ட அப்படியேவா சொல்றீங்க?"

"சேச்சே. கொஞ்சம் நயம் பண்ணித்தான்..."

"நான் சொல்றதை அவங்ககிட்ட?"

"அதையும்தான்."

"பதினெட்டு வருஷ அனுபவம் இருக்கு உங்களுக்கு. அங்கேயும் அதைக் காட்டுங்க."

கிளார்க்குக்கு ரத்தம் சூடானது. படியிலேயே வரைபடத்தை விரித்தார். பஸ் எதற்காகத் திரும்ப வேண்டும்? முன்வாசலில் நுழைந்து, குடியிருப்பு வழியாகப் போய், பின்வாசலில் வெளியேறினால் போதுமே! ஒரு வீடும் போகாது. ஆனால் ஒரு கிளார்க் சொன்னால் யார் கேட்பார்கள்?

மேலே போனார்.

"சார், மேடம் உங்க படத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க. 'ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு பக்கம் ஜன்னல் வெச்சிருக்காரே, இந்த மனசு யாருக்கு வரும்'னு சொன்னாங்க."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "அவளா?" என்றவர், தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவங்களா சொன்னாங்க?"

"ஆமாம் சார். பஸ் திரும்பவே வேண்டாம், இந்த வாசல்ல நுழைஞ்சு அந்த வாசல்ல போகட்டும்னும் சொன்னாங்க."

சார் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். அடுத்த நிமிஷம் கையெழுத்துப் போட்டார். "சாப்பிட்டாங்களான்னு கேளுங்க" என்று தன் டிபன் பாக்ஸையும் கோப்பின் மேல் வைத்தார்.

கிளார்க் இறங்கவில்லை, பறந்தார்.

"மேடம், பஸ்ஸை நேரா விட்டுடலாம்னு சார் யோசனை பண்ணிட்டார். 'மேடம் மட்டும் இல்லேன்னா இந்தத் திட்டம் என்னைக்கோ படுத்திருக்கும்'னார்."

"அவர் வாயாலயா?"

"அவர் வாயாலதான் மேடம்."

மேடம் அலமாரிக் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துச் சிரித்தார். கிளார்க் பேனாவை நீட்டினார்.

"கையெழுத்துக்கு என்ன அவசரம்? வேற என்ன சொன்னார்?"

"வேற... ஒண்ணும் சொல்லலை மேடம்."

"கேட்டுட்டு வாங்க. அப்படியே கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கிட்டாரான்னும் கேளுங்க."

கிளார்க் யோசித்தபடியே படியேறினார். அடுத்தவர் கண்ணுக்கு இவர் ஏன் கவலைப்படுகிறார்?

மேலே சார் வாசலிலேயே காத்திருந்தார். "வேற என்ன சொன்னாங்க?" என்றார், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போல. சொட்டு மருந்தைப் பற்றிக் கேட்டதும் உருகிப்போனார். ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ எழுதி, நாலாக மடித்துக் கோப்புக்குள் செருகினார்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் கிளார்க் அதைப் பிரித்துப் பார்த்தார். 'சாயங்காலம் சேர்ந்தே போகலாம். காத்திருப்பேன்.'

இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். மோதிரம் போட்டவர் அவர். மோதிரம் போட்டவர் இவர். மறுபடி போன் போட்டார்.

"அடப்பாவி மனுஷா!" என்றாள் மனைவி. "சமாதானம் பண்ணுங்கன்னா சம்பந்தம் பண்ணி வெச்சுட்டீங்களே! ரெண்டு குடும்பத்தோட பாவம் நமக்கு எதுக்கு? காகிதத்தைக் கிழிச்சுப் போடுங்க. ரெண்டு பேருக்கும் அவங்கவங்க வீட்டு ஞாபகத்தை உண்டாக்குங்க!"

காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்துவிட்டு மேடம் முன்னால் போய் நின்றார். மணி மூன்றரை.

"மேடம், சார் ரொம்பக் கண்டிப்பானவர். தன் மனைவி மேல உயிரையே வெச்சிருக்கார். அவங்களைத் தவிர இந்த உலகத்துல வேற பொண்ணே இல்லைங்கறார்."

இதோடு மேடம் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தார். முகம் மலர்ந்தது. கண்ணில் தண்ணீர் வேறு.

"நிஜமாவா சொன்னார்? பொண்டாட்டின்னா உயிர்னு சொன்னாரா?"

"சத்தியமா மேடம்," என்றார் கிளார்க், ஒன்றும் விளங்காமல்.

ஐயோ, இது முற்றிப்போன கேஸ் என்று மேலே ஓடினார்.

"சார், மேடம் நெருப்பு மாதிரி! தன் வீட்டுக்காரரைத் தவிர இன்னொருத்தரை நிமிர்ந்துகூடப் பாக்க மாட்டாங்களாம். அவர் கோபக்காரர்தான், ஆனா தங்கமான மனுஷன்னு சொல்லிச் சொல்லி மாயறாங்க!"

சார் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, கிளார்க்கையும் தள்ளிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார்.

கிளார்க் விழுந்தடித்துக்கொண்டு பின்னால் போய்ச் சேர்ந்தபோது, மேடம் அறையில் இருவரும் ஒரே வரைபடத்தின் மேல் குனிந்திருந்தார்கள். "பின்வாசல் பக்கம் இன்னும் நாலு வீடு வரும்போலிருக்கே" என்றார் மேடம். "உன் இஷ்டம்" என்றார் சார். உன் இஷ்டமாமே! கதவு திறந்தே கிடந்தது. வெளியே மேஜைகளில் இருந்தவர்கள் எல்லாரும் கோப்புகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். சிலருக்குத் தோள் குலுங்கியது. அவமானம் தாங்காமல் அழுகிறார்கள் என்று கிளார்க் எடுத்துக்கொண்டார்.

நாலு மணி நாற்பதுக்கு மேடம் கையெழுத்துப் போட்டார். நாலு ஐம்பத்தைந்துக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்தது. யாரோ கைதட்டினார்கள். கிளார்க்கின் கை எழும்பவில்லை.

வாசலில் ஆபீஸ் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரின் பக்கத்தில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்ன சார், நிதிதான் கிடைச்சுடும்போலிருக்கே. முகம் ஏன் இப்படி இருக்கு?"

"நிதி கிடைச்சிடும் அண்ணே. இருநூத்தி நாப்பது வீடு வரும், பஸ்ஸும் வரும். ஆனா ரெண்டு குடும்பத்தை நான் நடுத்தெருவுல நிறுத்திட்டேன்." காலையிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் கொட்டினார்.

அப்போது சாரும் மேடமும் சிரித்துப் பேசியபடி படியிறங்கி வந்தார்கள். சார் மேடத்தின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "நாங்க நடந்தே போய்க்கறோம்" என்று டிரைவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார்.

"பாத்தீங்களா!" கிளார்க் தலையில் கைவைத்துக்கொண்டார். "பட்டப்பகல்ல! இவங்களைக் கேக்க இந்த ஆபீஸ்ல ஒரு ஆள் இல்லையா?"

டிரைவர் துடைக்கும் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இருபத்தோரு வருஷமா அவங்க புருஷன் பொண்டாட்டி சார், அந்தச் சண்டையில விஷயம் தெரிஞ்ச எவனும் தலையைக் கொடுக்க மாட்டேங்கறான்னுதானே, ஒண்ணும் தெரியாத ஆளாப் பாத்து உங்களை இங்க மாத்தல் போட்டு வரவழைச்சாங்க!"