கெட்டிமேளம் கேட்ட நேரத்தில் சுற்றிய வட்டம்

என் வாழ்நாளில் நான் அதிகமாகத் திட்டித் தீர்த்தது, வீடியோவில் முகம் வராமல் நடுவில் சுற்றிக்கொண்டே இருக்குமே, அந்தச் சின்ன வட்டத்தைத்தான். (இரண்டாம் இடம் யாருக்கு என்று எழுதமாட்டேன். என் மனைவி சாந்தி இதை வாசிப்பாள்.)

எங்கள் வீடு திருகோணமலையில், உட்துறைமுக வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. நான் வேலை செய்வது ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில். எந்தத் தேசத்திலிருந்து புறப்பட்ட கப்பலும் எப்படியோ துறைமுகத்துக்கு வந்து சேர்ந்துவிடும். கனடாவில் இருக்கும் என் தங்கச்சியின் முகம் மட்டும் எங்கள் வீட்டுக்கு ஒழுங்காக வந்து சேராது. நெற்றி வரும், மூக்கு வரும், பிறகு வட்டம் வரும். "அண்ணா, கேக்குதே?" என்பாள். "கேக்குது, கேக்குது!" என்று நான் கத்துவேன். அது அவளுக்குக் கேட்காது. ஒழுங்கை முழுவதற்கும் கேட்கும்.

கம்பனிக்குப் போன் எடுத்தால், தமிழுக்கான இலக்கத்தை அழுத்தி, பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பிள்ளை வந்து, "ரவுட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பார்த்தீங்களா ஐயா?" என்று கேட்கும். நிப்பாட்டிப் போட்டு நிப்பாட்டிப் போட்டே அந்தச் சுவிச்சு தேய்ந்துவிட்டது. "உப்புக்காத்து வயரைத் தின்னுது ஐயா" என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அதையும் நம்பினேன். வேறு கம்பனிக்கு மாறுவதா விடுவதா என்பது எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சாகவே ஆகியிருந்தது.

அந்த நிலைமையில்தான் தங்கச்சியின் மகள் தர்சினிக்குக் கலியாணம் சரிவந்தது. அவள் பிறந்தது திருகோணமலையில். நடக்கப் பழகியது என் விரலைப் பிடித்து. சிறுபிள்ளையாகக் கனடாவுக்குப் போனவளின் கலியாணத்துக்குத் தாய்மாமனாகிய நான் போகவேண்டும் அல்லவா? கோட்டும் தைத்தாயிற்று. விசா கிடைக்கவில்லை. அந்தச் செய்தியைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. (லைன் நின்றுவிட்டதோ என்று நான் ரவுட்டரைப் பார்த்தேன்.) பிறகு சொன்னாள்: "தாலி கட்டேக்க நீங்கள் பெரிய திரையில நிக்கவேணும் மாமா. நீங்கள் கை தூக்கி வாழ்த்தினாத்தான் எனக்குக் கலியாணம் மாதிரி இருக்கும்."

மறுநாளே புதுக் கம்பனியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். "பழைய லைனை இப்ப வெட்டாதேங்கோ. கலியாணம் முடியட்டும்" என்றாள் சாந்தி. எனக்கு ரோசம். புதியது வந்து பூட்டிய அன்றே பழைய கம்பனிக்குப் போய், வாசலில் நின்றவருக்கும் கேட்கிற மாதிரி நாலு கதை கதைத்து, லைனை வெட்டுவித்துவிட்டு வந்தேன்.

புதிய லைன் பறந்தது. தங்கச்சியின் காதிலிருந்த தோட்டின் கல் வரைக்கும் தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டேன், எல்லாரும் வாங்கோ, நம்மட வீட்டில் இருந்தே கலியாணம் பார்க்கலாம் என்று. ஆளில்லாத வீட்டில் நன்மைகாரியம் பார்க்க எங்களுக்குத் தெரியாது. மூதூரிலிருந்து வந்து இங்கே நெல் வியாபாரம் செய்யும் பக்கத்து வீட்டு ரவூப் நானா, வருகிறவர்கள் உட்காரத் தன் கடைக் கதிரைகளையும் கொண்டுவந்து போட்டார்.

கனடாவில் காலை, எங்களுக்கு மாலை. நான் கோட்டுடன் வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றேன். சாந்தி கேசரியும் தேத்தண்ணியும் கொடுத்தாள். நான் வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுப்பதுபோல் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தேன். இந்தக் காலத்தில் வீட்டுக்கு வந்தவர் தண்ணீருக்கு முன் கேட்பது அதைத்தானே? கேட்காதவர்களுக்கும் வலியப் போய்ச் சொன்னேன். "வேகத்தைப் பாருங்கோ, வேகத்தைப் பாருங்கோ!"

பார்த்தார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு, கலியாணம் காட்டிய டிவியை முன்னால் இருந்தவர்களின் தலைகள் மறைத்ததால், மணவறை நேரடியாகப் போகும் லிங்கை ஆளாளுக்குத் தங்கள் போனில் திறந்தார்கள். ரவூப் நானா, குறிஞ்சாக்கேணியில் தாய்வீட்டுக்குப் போயிருந்த மனைவிக்கு வீடியோ கோல் எடுத்துக் கலியாணம் காட்டினார். ஒரு மூலையில் கிரிக்கெட் ஓடியது.

நான் கமராவுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றேன். அங்கே, மண்டபத்துப் பெரிய திரையில் என் முகம். தர்சினி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஐயர் கையைக் காட்டினார். கெட்டிமேளம் தொடங்கியது. நான் கையைத் தூக்கினேன்.

வட்டம் வந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தூக்கிய கை தூக்கியபடியே, "போனை நிப்பாட்டுங்கோடா எல்லாரும்!" என்று கத்தினேன். அடுத்து என்ன சொன்னேன் என்று அச்சில் எழுத முடியாது. எல்லாரும் பதறிப்போய்ப் போனை நிப்பாட்டினார்கள். "தம்பி, என்ட டேட்டாவப் போடுறன், இந்தாங்க!" என்று ரவூப் நானா ஓடிவந்தார். அவருடைய போனில் மணவறை திரும்பத் தெரிந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. மணவறைக்கு அருகே யாரோ ஒருவர் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் குசினிக்குள் போய் அடுப்போரம் நின்று அழுதேன். கோட்டுப் போட்டுக்கொண்டு அழுவது மிகவும் புழுக்கமான காரியம்.

மறுநாள் புதுக் கம்பனிக்குப் போன் எடுத்துத் தொண்டை வற்றும்வரை ஏசினேன். அந்தப் பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரே நேரத்தில எத்தனை பேர் பாவிச்சீங்கள் ஐயா?" என்றது. நான் போனை வைத்துவிட்டேன்.

பிறகு நிறைய யோசித்தேன். அந்தப் பழைய லைனும் பாவம். அதன் பாஸ்வேர்டும் ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன். எந்தக் கம்பனிக்கு மாறலாம் என்று அத்தனை மாதம் மண்டையை உடைத்தவன், திறந்தே கிடந்த என் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. சரி, பாஸ்வேர்டை மாற்றலாம். பிறகு யாருக்கு இல்லை என்று சொல்வது? கதிரை கொண்டுவந்து போட்டவருக்கா? எனக்கு ஏலாது. இன்றுவரை மாற்றவில்லை.

அடுத்த வருடம் தர்சினி கணவரோடு வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டேன். அவள் சட்டம் போட்ட ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். பின்னால் திரை முழுக்க நான். கை தூக்கியபடி, வாய் ஆவென்று, கண் பிதுங்க.

"நீங்கள் வாயைத் திறந்ததோட திரையில படம் நிண்டிட்டுது, எடுத்துவிடட்டோ எண்டு மண்டபத்தில கேட்டினம் மாமா. நான் வேண்டாம் எண்டிட்டன். எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிட்டினம். நீங்கள் மட்டும் கையை இறக்காமல் கடைசி மட்டும் நிண்டீங்கள்." அவள் படத்தின் கண்ணாடியை விரலால் துடைத்தாள். "அந்த நேரம் வாய் திறந்து என்ன சொன்னீங்கள் மாமா?"

நான் சாந்தியைப் பார்த்தேன். சாந்தி கூரையைப் பார்த்தாள். தர்சினியைப் பார்க்க வந்திருந்த ரவூப் நானாதான் தொண்டையைச் செருமினார். "அண்டைக்கு உங்கட மாமா வாழ்த்தின வாழ்த்து, மகள், எங்க எல்லாருக்குமே கிடைச்சிச்சு."

உண்மையைச் சொல்லவேண்டி வந்தது. தர்சினி சிரித்துச் சிரித்து நிலத்திலேயே இருந்துவிட்டாள்.

படம் இப்போது எங்கள் ஹோலில் தொங்குகிறது. நான் வீட்டில் குரலை உயர்த்தும்போது கனடாவிலிருந்து போன் வந்தால், சாந்தி கலவரப்படாமல் எடுத்துச் சொல்வாள்: "கொஞ்சம் பொறு பிள்ளை. மாமா வாழ்த்திக்கொண்டிருக்கிறார்."