நூறு தினார் அல்வா டப்பா

ஈத் பெருநாள் மத்தியானம் மாமனார் வீட்டில், மன்சஃப் என்ற தயிர்க்கறிச் சோற்றுத் தாம்பாளத்தைச் சுற்றி மொத்தக் குடும்பமும் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் அறிவித்தேன், இனி சிகரெட்டைத் தொடுவதில்லை என்று. ரமதான் மாதம் முழுக்கப் பகலில் தொடாமல் இருந்தவனுக்கு இரவு என்ன பெரிய விஷயம் என்று ஒரு திமிர். வயிறு நிறைந்திருக்கும்போது எல்லாச் சபதமும் சுலபமாகத்தான் தெரியும்.

மச்சினன் சிரித்தான். அவன் சிரிப்பை அடக்க, பக்கத்தில் நின்ற என் மகள் ஜுமானாவின் தலையில் கை வைத்து அவள் உயிர்மேல் ஆணையிட்டேன். கையெல்லாம் தயிரும் சோறுமாக இருந்ததால் அன்றைக்கு அவளுக்கு இரண்டாம் முறை தலைகுளிக்க வேண்டியதாயிற்று. ஜுமானாவுக்கு ஆறு வயது, முதல் வகுப்பு, நெஞ்சில் இழுப்பு. மருந்து எவ்வளவு கொடுத்தாலும் புகை இருக்கும்வரை பிரயோஜனமில்லை என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தார். ஈரத்தலையோடு வந்து அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

சபதம் அந்த வாரம் தாங்கியது. அடுத்த வாரம் தாங்கவில்லை.

ஆனால் நான் இர்பித் கடைத்தெருவில் திரைச்சீலை விற்பவன். எதை எப்படி மறைப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சாமான் அறையின் மேல் தட்டில் ஒரு பழைய எள் அல்வா டப்பா இருந்தது. என் மனைவி இன்ஸாஃபுக்குச் சர்க்கரை வியாதி, அல்வாப் பக்கமே போகமாட்டாள். ஜுமானாவுக்கு எள் பிடிக்காது. சிகரெட் பாக்கெட்டை அதற்குள் குடிவைத்தேன். மத்தியானம் சாப்பிட்டதும், மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவருவதாகச் சொல்லிக் கிளம்புவேன். ஜோர்டான் நாட்டிலேயே இவ்வளவு அக்கறையாகக் கவனிக்கப்பட்ட தொட்டி வேறு இருந்திருக்காது. இறங்கும்போது வாய் நிறையப் புதினா மென்றுகொண்டு வருவேன். இன்ஸாஃபுக்கே அல்வா கொடுத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

ஒரு மத்தியானம் தட்டில் டப்பாவைக் காணோம்.

இன்ஸாஃப் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் சாவகாசமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"மேல் தட்டுல ஒரு அல்வா டப்பா இருந்துச்சே?"

"அதுவா? ஜுமானா கொண்டுபோயிட்டா. வகுப்புல கடை வைக்கிறாங்களாம், கணக்கு சொல்லிக்கொடுக்க. வீட்ல இருக்கிற காலி டப்பா, அட்டைப்பெட்டி எல்லாம் கொடுத்துவிடச் சொல்லி மிஸ் கேட்டாங்க. காலியாத்தானே இருந்துச்சு?"

"காலிதான்."

"அப்புறம் ஏன் மொகம் வெளிறிப்போச்சு?"

"அது எங்கம்மா ஞாபகமா வச்சிருந்தது."

"உங்கம்மா அடுத்த தெருவுலதானே இருக்காங்க. நேத்துக்கூட வந்து என் ஊறுகாயைக் குறை சொல்லிட்டுப் போனாங்களே."

"ஒருத்தர ஞாபகம் வச்சுக்க அவங்க செத்தாத்தான் ஆகுமா?"

"அவ்வளவு பாசம்னா நாளைக்கு நீங்களே போய் வாங்கிட்டு வாங்க, அபூ ஜுமானா. எப்பப் பாத்தாலும் அம்மாக்களே வர்றாங்க, ஒரு அப்பாவாவது ஒத்தாசைக்கு வரக்கூடாதான்னு மிஸ் கேட்டுட்டே இருக்காங்க."

அபூ ஜுமானா என்றால் ஜுமானாவின் அப்பா. அன்று ராத்திரி அந்தப் பேரே எனக்குச் சோற்றை இறங்கவிடவில்லை. யாராவது ஒரு பிள்ளை அந்த மூடியைத் திறந்தால் போதும். முதல் வகுப்பு முழுக்க என் பாக்கெட்டைப் பார்க்கும், ஜுமானாவும் பார்ப்பாள். ஊர் சிரிப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவள் உயிர்மேல் சத்தியம் செய்த கையை அவள் பார்க்கப்போகும் பார்வையை என்னால் தாங்க முடியாது. அதனால் மறுநாள் காலை கடைச் சாவியை வேலைக்காரப் பையனிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டப்பாவை மீட்பது, பாக்கெட்டைச் சாக்கடையில் எறிவது, இனி மெய்யாகவே விட்டுவிடுவது. இதுதான் திட்டம். கடைசிப் பகுதியைப் பற்றி மட்டும் எனக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

மிஸ் இப்திசாம் என்னைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷப்பட்டார். வகுப்பின் மூலையில் நாலு மேசையைச் சேர்த்துப்போட்டுக் கடை விரித்திருந்தார்கள். நெய் டின், தக்காளி விழுது டப்பா, தேயிலைப் பெட்டி எல்லாம் இருந்தன, எல்லாம் காலி. ஒவ்வொன்றிலும் பிள்ளைகளே விலை எழுதி ஒட்டியிருந்தார்கள். நெய் ஐந்து தினார், தேயிலை இரண்டு. கடைக்காரர்கள் இரண்டு பேர், குஸய் என்ற பல் விழுந்த பையனும் என் மகளும். என்னைப் பார்த்ததும் ஜுமானா துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். துள்ளவில்லை. கல்லாவில் இருக்கிற கௌரவம்போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

அல்வா டப்பா நட்டநடுவில் இருந்தது. விலை நூறு தினார்.

"இது என்ன அநியாயம்? நசுங்கின டப்பாவுக்கு நூறா?" என்றேன்.

"பிடிக்கலைன்னா நெய் வாங்கிக்கோங்க மாமா" என்றான் குஸய்.

"இருபது தரேன்."

"நூறு" என்றாள் என் மகள்.

"கண்ணு, கடைன்னா கொஞ்சம் இறங்கி வரணும்."

"உங்க கடையில இறங்கி வருவீங்களா பாபா?"

வரமாட்டேன். அதற்காகவே பேர்போனவன் நான். அதுவும் போக, என்னிடம் இருந்த நிஜ தினார் அங்கே செல்லாது. பிள்ளைகள் வரைந்த நோட்டுத்தான் செல்லும், ராஜாவின் இடத்தில் பூனைப் படம் போட்டது. அதைச் சம்பாதிக்க மிஸ் கேட்கிற கூட்டல் கணக்குக்குச் சரியான விடை சொல்ல வேண்டும். ஒரு விடைக்கு ஐந்து தினார்.

முட்டி தாடையில் இடிக்கிற பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தேன். மிஸ் கேட்டு முடிப்பதற்குள் விடையைச் சொன்னேன். பின்னால் ஒரு பெண் குழந்தை அழுதுவிட்டது. 'அபூ ஜுமானா, கையைத் தூக்கிட்டுப் பேசுங்க, மத்தவங்களுக்கும் வாய்ப்புக் கொடுங்க' என்று மிஸ் கண்டித்தார். கையைத் தூக்கினேன். கூப்பிட மாட்டேன் என்கிறார். தூக்கிய கை வலித்தது.

அப்போதுதான் பக்கத்துச் சுவரைப் பார்த்தேன். எங்கள் வீட்டு நல்ல செய்தி என்று தலைப்புப் போட்டுப் பிள்ளைகள் எழுதியதையெல்லாம் ஒட்டியிருந்தார்கள். ஒருத்தி வீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. ஒருவனுக்குப் புது சைக்கிள். ஜுமானாவின் தாளில் மீசை வைத்த ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருந்தான், கீழே கோணல்மாணலாக எழுதியிருந்தது: 'என் அப்பா சிகரெட்டை விட்டுவிட்டார். இப்போது அவர் மேல் புதினா வாசனை வருகிறது.'

தூக்கியிருந்த கையை இறக்கிவிட்டேன். அந்த நிமிஷமே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை என்பதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. மூடி திறந்துகொள்ளுமோ என்கிற பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. மறுபடி கையைத் தூக்கினேன்.

மணி அடிக்கும்போது என் கையில் எண்பது தினார் சேர்ந்திருந்தது. குஸய் கடையைச் சாத்த ஆரம்பித்தான். நான் மேசையில் நோட்டுகளை எல்லாம் வைத்தேன். குரல் எனக்கே கேட்காத அளவு தாழ்ந்துவிட்டது.

"ஜுமானா, பாபாவுக்காக."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்களுக்கு இது அவ்வளவு வேணுமா பாபா?"

"ஆமா."

நோட்டுகளை எண்ணாமல் எடுத்துக்கொண்டு டப்பாவைத் தள்ளினாள். நல்ல விலைக்கு விற்ற வியாபாரியின் முகமாக அது இல்லை. பிள்ளை விளையாட்டை நான் கெடுத்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தி மூடியைத் திறந்தேன். காலி. உள்ளே சோப்பு வாசனை வந்தது.

வீட்டுக்கு வந்தேன். இன்ஸாஃப் டீ ஊற்றி வைத்தாள்.

"டப்பா கெடைச்சுதா?"

"கெடைச்சுது."

"காலியாத்தானே இருந்துச்சு?"

இருந்தது. அதுதான் கஷ்டம். என் பொருள் திருட்டுப் போய்விட்டது, புகார் கொடுக்க வழியில்லை. ஒரு வாய் டீ குடித்துவிட்டு, மெதுவாக, அதற்குள் ஒரு பாக்கெட் இருந்திருக்குமே என்றேன்.

"எந்தப் பாக்கெட்? காலின்னீங்களே."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. தப்புத்தான் என்றேன், நேற்றே உனக்குத் தெரியுமா என்றேன், தெரிந்துதான் என்னை அந்தப் பெஞ்சில் உட்காரவைத்தாயா என்றேன். அவள் ஜெயித்த முகமாக இருப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மேசைத் துணியின் சுருக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"உங்களை அனுப்பினது நான்தான். ஆனா கண்டுபிடிச்சது நான் இல்ல. வகுப்புக் கடைக்கு டப்பா தேடி ஸ்டூல் போட்டு ஏறினவ ஜுமானா. பாக்கெட்டை எடுத்துத் தூரப் போட்டு, டப்பாவைக் கழுவினதும் அவதான். பாபா இதைத் தேடி வருவாரான்னு கேட்டா. பழசா இருக்கும்டி, மறந்துட்டிருப்பாரு, வரமாட்டாருன்னு சொல்லிவச்சேன்."

ஏதாவது பேச வேண்டுமே என்று, அதற்கு எதற்கு நூறு தினார் விலை போட்டாள் என்று கேட்டேன்.

"வந்தாலும் உங்களால வாங்க முடியக்கூடாதுன்னுதான். அவங்களுக்கு இன்னும் நூறு வரைக்கும்தான் பாடம் நடத்தியிருக்காங்க. அதுக்கு மேல தெரிஞ்சிருந்தா அதைத்தான் எழுதியிருப்பா."