பதினோரு பஞ்சர்

நம்பிக்கையைப் பற்றி மூன்று நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்த யாரையும் நம்பாதீர்கள். என்னிடம் அப்படி ஒரு சான்றிதழ் இருக்கிறது. கண்ணாடி போட்டு மாட்டியிருந்தேன். இப்போது அது பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது.

தூத்துக்குடியில் காற்றாலை அமைக்கும் ஒரு கம்பெனியில் நான் கொள்முதல் மேலாளர். கப்பலில் வந்து இறங்கும் காற்றாலை றெக்கைகளை, காற்றாலை நிற்கப்போகும் இடத்துக்குக் கொண்டுபோக வண்டி ஏற்பாடு செய்வது என் வேலை. (ஒரு றெக்கையை எங்கள் தெருவில் கிடத்தினால் அடுத்த தெருக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.) வண்டி தருபவர் ஸ்ரீவைகுண்டத்து முருகேசன் அண்ணாச்சி. எங்களுக்குள் ஒப்பந்தம் என்று இருந்தது ஒற்றைத் தாள். மற்றதெல்லாம் போனில்தான்.

"அண்ணாச்சி, வியாழக்கிழமை கப்பல்."

"சரி, தங்கச்சி."

வியாழக்கிழமை காலையில் நீள வண்டிகள் துறைமுக வாசலில் வரிசையாக நிற்கும். அவரிடம் ஒரே ஒரு குறைதான். அவ்வப்போது றெக்கை ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேரும். ஏன் என்று கேட்டால், "வண்டி பஞ்சர், தங்கச்சி" என்பார்.

அப்படியே விட்டிருக்கலாம். கம்பெனி என்னைச் சென்னைக்கு அந்த மூன்று நாள் வகுப்புக்கு அனுப்பியது. உறவுசார் ஒப்பந்தம் என்பது பாடம். பழைய ஒப்பந்தம், தப்பு நடந்தால் யார் தலையில் கட்டலாம் என்று யோசிக்கும். இது அப்படியில்லை. வாங்குபவரும் தருபவரும் மேஜையின் ஒரே பக்கம் உட்கார வேண்டும், சிக்கலை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும், ஒருவர் சுமையை மற்றவர் தாங்க வேண்டும். அடடா, என்ன அருமையான விஷயம் என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் நாற்பத்திரண்டு பக்கத்துக்கு ஒப்பந்தம் தயாரித்தேன். முதல் விதி, ஒளிவுமறைவு கூடாது.

இது நல்லபடியாக முடிந்தால் தென்மண்டலத் தலைமைப் பதவி எனக்குத்தான் என்று எம்.டி. சொல்லியிருந்தார். கையெழுத்தாவதைப் பார்க்கச் சென்னையிலிருந்து அவரே வந்தார். நான் புதுச்சேலை கட்டிக்கொண்டேன். (சாத்தான்குளத்தில் அம்மா உபவாச ஜெபமே இருந்தாள்.)

அண்ணாச்சி வெள்ளை வேட்டியும் இரண்டு பாக்கெட் மக்ரூனுமாக வந்தார். மேஜையின் ஒரே பக்கம் என்பதற்காக அவரை என் அருகிலேயே உட்காரவைத்தேன். எம்.டி. எதிரே தனியாக உட்கார்ந்து மக்ரூனைப் பிரித்தார். நான் திரையில் படம் போட்டேன். 'நம் பங்குதாரர் மேம்பட வேண்டிய இடங்கள்' என்று தலைப்பு. கீழே நான்கு வருஷத்துப் பஞ்சர்கள் பதினொன்றும் தேதிவாரியாக. அதற்கும் கீழே அழுகிற டயர் ஒன்றின் பொம்மை. (அதை நானே தேடிப் பிடித்தேன்.)

அண்ணாச்சி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"இம்புட்டும் என் தப்பா, மேடம்?"

நான்கு வருஷத்தில் முதல் 'மேடம்'. எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

"வருத்தப்படாதீங்க அண்ணாச்சி. யாரும் யாரையும் குறை சொல்ல மாட்டோம். எதையும் ஒளிக்காமப் பேசிட்டாப் போதும்."

"எல்லாத்தையும் சொல்லணுமோ?"

"எல்லாத்தையும்!"

"தயங்காமச் சொல்லுங்க சார்" என்றார் எம்.டி.

"அப்பம் சரி. இந்தப் பதினொண்ணுல ஒண்ணுதான் பஞ்சர்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் திரையைக் காட்டிக் காட்டிச் சொன்னார்.

"முதல்ல உள்ளது, கப்பல் புதன்கிழமையே வந்துட்டு. மேடம் எங்கிட்ட வெள்ளிக்கிழமைன்னுலா சொல்லியிருந்தாவ. அடுத்தது, பர்மிட் தாள்ல வண்டி நம்பரை மாத்தி எழுதிட்டாவ. வழியில நிறுத்திப் போட்டாங்க. இந்தா, மூணாவது. இங்கன பக்கத்துல புதுக்கோட்டைத் திருப்பத்துல றெக்கை திரும்பும்னு மேப்பைப் பாத்துச் சொன்னாவ. றெக்கை எங்க திரும்புச்சு? டீக்கடைக் கூரைதான் பிச்சிக்கிட்டுப் போச்சு. நான் புதுக் கூரை போட்டுக் குடுத்துட்டு, பஞ்சர்னு சொல்லிட்டேன்."

அய்யோ, அந்தக் கடையில் எத்தனை நாள் டீ குடித்திருக்கிறேன்! புதுக் கூரை நல்லாருக்கே என்று வேறு சொல்லியிருக்கிறேன். எம்.டி.யின் கையில் பாதி மக்ரூன் அப்படியே நின்றது.

"இதையெல்லாம் ஏன் அப்பவே சொல்லல?" என்றார் எம்.டி.

"எதுக்கு சார்? வேலைக்குப் புதுசா வந்த புள்ள. சென்னையில ஏசுவாவல்லா. அவளும் லேசுப்பட்டவ இல்ல கேட்டீயளா. எம்மக கல்யாணத்தன்னைக்குக் கப்பல் வந்து நிக்கி, என் டிரைவருமாரெல்லாம் பந்தியில இருக்காங்க. துறைமுகத்துல கிரேன் ரிப்பேர்னு உங்களுக்கு மெயில் போட்டுட்டு, பட்டுச்சேலை கட்டி வந்து எங்கூட நின்னு சாம்பார் ஊத்துனா!"

சத்தியமாகப் பாராட்டாகத்தான் சொன்னார். எம்.டி. மெதுவாக என் பக்கம் திரும்பினார். கர்த்தாவே, தரை பிளக்காதா என்று பார்த்தேன். பிளக்கவில்லை.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்தார். "ஏளா, நான் வாயத் தொறக்காம விட்டதையெல்லாம் நீ தேதி போட்டு எழுதி வச்சிருக்கியே" என்றார். ஒப்பந்தத்தைத் தொடாமல் வெளியே போய்விட்டார்.

பதவி போச்சு என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனால் நான் எம்.டி.யிடம் கெஞ்ச உட்காரவில்லை; படியில் தடதடவென்று இறங்கி ஓடினேன். கீழே அண்ணாச்சி ஸ்கூட்டரில் சாவி போட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

என்னை ஒரு பார்வை பார்த்தார். "அடுத்த கப்பல் என்னைக்கு?"

"வியாழக்கிழமை."

"நெசமா வியாழக்கிழமைதானா? நல்லாப் பாத்துச் சொல்லு."

வியாழக்கிழமை வண்டிகள் வந்தன, ஒன்றைத் தவிர. போன் அடித்தது. "ஒரு வண்டி வரச் சுணங்கும், தங்கச்சி. பஞ்சர்."

"நெசப் பஞ்சரா அண்ணாச்சி, என் பஞ்சரா?"

"நெசந்தான். இரு, போட்டோ அனுப்புதேன்."

நான்கு வருஷத்தில் அவர் எனக்கு ஒரு போட்டோ அனுப்ப வேண்டியிருந்ததில்லை.

தென்மண்டலத் தலைமை ஒரு மதுரைக்காரருக்குப் போனது. எங்கள் வீட்டில் சாம்பார் அடிப்பிடித்தாலும், கரண்ட் பில் கட்ட மறந்தாலும், "நெசப் பஞ்சரா, உன் பஞ்சரா?" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுவார். மகளும் கூடச் சேர்ந்துகொள்வாள். சிரித்துவிட்டுப் போகட்டும். அண்ணாச்சிதான் இன்றுவரை ஒவ்வொரு பஞ்சருக்கும் டயரைப் படம் பிடித்து அனுப்புகிறார். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், கேட்க மாட்டேன் என்கிறார். அவையெல்லாம் என் போனில் டவுன்லோடு ஆகாமல் மங்கலாகவே கிடக்கின்றன. ஒன்றைக்கூட நான் தொட்டுத் திறந்ததில்லை.