பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்றால்

டெட்ராய்ட்,
நவம்பர் 1955

பெருமதிப்புக்குரிய போலேக் மாமாவுக்கு, மருமகன் லியோனார்டின் வணக்கம். இங்கே நான் நலமில்லை. அங்கே நீங்களும் ஹெலா அத்தையும் உங்கள் பெட்ரோல் பங்க்கும் நலமாக இருக்க வேண்டும், முக்கியமாகப் பங்க்.

எங்கள் புதுக் காருக்குப் பின்னால் சுறா முதுகு மாதிரி இரண்டு துடுப்புகள் நிற்கும். அதை வரைந்த டெல்மர், பெட்ரோல் மூடி வெளியே தெரிந்தால் அசிங்கம் என்றான். மூடியில்லாமல் கார் காற்றைக் குடித்தா ஓடும் என்று கேட்டேன். "நீதான இன்ஜினியரு? எங்கயாவது ஒளிச்சு வை" என்றான். வைத்தேன். இடது பின்விளக்கை மேலே தூக்கினால் கதவு மாதிரி திறக்கும், உள்ளே மூடி. களிமண்ணில் செய்த மாதிரிக் காரில் இதைப் பார்த்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். நிஜக் காரை எங்கள் கம்பெனித் தலைவர் க்ரேன்ஸ்டன் ஓட்டிப் போய் ஒரு பங்க்கில் நிறுத்த, அங்கிருந்த பங்க்காரன் நம்பர் பிளேட்டைத் திருகி, பம்பருக்கடியில் படுத்துப் பார்த்து, கடைசியில் ரேடியேட்டரில் ஊற்றப் போயிருக்கிறான். தலைவருக்கும் இடம் தெரியாது. திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "சனிக்கிழமை டொலிடோ போறேன் தம்பி. வழியில பங்க்காரன் கேக்காமலே மூடியத் திறந்தான்னா உன் விளக்கு தப்பிச்சுது. இல்லேன்னா விளக்கும் போகும், நீயும் போவ."

அந்தச் சாலையில் உங்கள் பங்க்கில்தான் காபி நன்றாயிருக்கும் என்று அவரிடம் பேச்சுவாக்கில் சொல்லி வைத்தேன். பொய்தான், அத்தையிடம் சொல்ல வேண்டாம். இளநீலக் கார், வெள்ளைக் கூரை. வந்ததும் நேரே இடது விளக்குக்குப் போங்கள். இடது என்றால் ஓட்டுகிறவரின் இடது. நீங்கள் முன்னால் நின்று பார்த்து காரின் வலப்பக்கம் போய்த் தொலையாதீர்கள். துடுப்பைப் பற்றி ஈஸ்டருக்குக் கேட்டது போல "வால் எதுக்குடா, பறக்கவா போகுது?" என்றும் கேட்காதீர்கள். என் பெயரை எடுக்கவே கூடாது. அம்மாவுக்கு ரகசியமாக வாங்கிய ஃபிரிட்ஜ் வந்துவிட்டதா என்று அம்மாவிடமே கேட்டவர் நீங்கள், அதனால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

உங்கள் இடுப்பு வலி தீரவும் வியாபாரம் பெருகவும் மாதாவை வேண்டிக்கொள்ளும்,
லியோனார்டு.

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். விளக்கு திறக்கும் இடுக்கு கோடாகத் தெரிந்தது பிடிக்காமல் டெல்மர் மூடியை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு மான் வேட்டைக்குப் போய்விட்டான். காலையிலிருந்து காரைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். சனிக்கிழமை நீங்கள் கண்டுபிடித்துவிட்டால் எனக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள்.