நஜ்லாட நாடாவை எருமை இழுத்த விபரம்

அருமை மகள் நஜ்லாவுக்கு, கல்முனைக்குடியிலிருந்து வாப்பா மீராசா ஸலாம் சொல்லி எழுதுவிப்பது. அல்லாஹ்ட உதவியால நானும் உம்மாவும் சுகம். நீ வைச்சிட்டுப் போன உலோக நாடாதான் கொஞ்சம் சுகமில்லாம இருந்தது. போன்ல சொன்னா உம்மாக்குக் கேட்டிரும், அதான் கடிதம். எழுதுறது பக்கத்து வீட்டு அஸ்பியா.

திங்கட்கிழமை அதுக்கு மேல கரண்டு கடத்துற பூச்சைப் பூசாட்டி உன்ட ஆராய்ச்சி ஒரு வருசம் பின்னுக்குப் போகுமெண்டு தெரியும் மகள். நீ சொன்ன ஒரு சொல்லையும் நான் மறக்கல்ல. கூரைத் தகரம் இறக்கின வெள்ளிக்கிழமை, அசர் தொழுகைக்குப் பொறகு, பிளேன்டீயை ஆத்திக்கிட்டுச் சொன்னாய்: உலோகத்துக்குள்ள இருக்கிற மணியெல்லாம் தொழுகைக்கு நிக்கிற சஃபு வரிசை மாதிரி ஒரே பக்கம் பாத்து நிக்கணும், அப்பதான் மேல பூசுறதும் வரிசையா நிண்டு கரண்டு சேதாரமில்லாமப் போகும், ஆனா அப்பிடி வரிசைக்கு நிக்கிற உலோகம் மெதுமை, இழுத்தா நீண்டிரும், அதால நடுவுல முரட்டு உலோகம், ரெண்டு பக்கமும் ஒழுக்கமான உலோகம், மூண்டையும் சேத்து உருட்டித் தட்டையாக்கிச் சூளையில வைச்சு எடுத்ததெண்டு.

அந்தச் சாமானைத்தான் மகள், மாவடிப்பள்ளி வயலுல குருவி விரட்டக் கட்டிட்டன். முந்தி பாட்டுக் கசட் நாடாவைக் கட்டுவம், இப்ப கசட்டுக்கு எங்க போற? விறாந்தையில பளபளண்டு ஒரு சுருள் கிடந்தது, கம்பு நட்டு இழுத்துக் கட்டினன். குருவி ஒண்டும் இறங்கல்ல, பக்கத்து வயல் இராசதுரைட எருமை இறங்கிச்சி. நாடாவுல கொம்பு மாட்டி, கம்பையும் புடுங்கிக்கிட்டு வாய்க்கால் தாண்டி ஓடுது, பின்னால சாரத்தைத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நான், எனக்குப் பின்னால இராசதுரை. "மீராசாக் காக்கா, மாட்டை விடுங்க!" எண்டான். "நான் எங்கடா புடிச்சன்? உன்ட மாடுதான் என்ட மகள்ட பட்டத்தைக் கொண்டு போகுது!" எண்டன். பொறகு நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், நடுவுல எருமை. நாடா அறல்ல மகள்! நீளவுமில்ல! எருமைதான் களைச்சிப் படுத்திட்டு. சாட்சி சொல்லுவியா எண்டு இராசதுரையைக் கேட்டன், ஓம் எண்டான்.

சேறு கழுவி, துடைச்சி, சுருட்டி இந்தப் பார்சலுக்குள்ள வைச்சிருக்கிறன். உள்ளுக்கு சஃபு கலைஞ்சிருந்தா வாப்பாவை மன்னிச்சிரு. உறுதிக்கு ஒரு குறையுமில்லையெண்டு உன்னைப் படிப்பிக்கிற சேருக்குச் சொல்லு.

படிப்பை லேசாக்கி, பட்டத்தோட உன்னை வாசலுக்குக் கொண்டு வந்து சேக்கச் சொல்லி ஒவ்வொரு வக்துத் தொழுகையிலயும் துஆக் கேக்கிற,
வாப்பா

பி.கு: பார்சலை ஒட்டக்குள்ள உம்மா கண்டிட்டா. "புள்ளைக்கு எதுக்குக் கூரைத் தகரம் கட்டி வந்த பட்டியை அனுப்புறீங்க? உங்களுக்கு மூளை கழண்டிட்டா?" எண்டு கேட்டு, அலுமாரியைத் திறந்து, சேலைக்கு நடுவுல இருந்து உன்ட நாடாவை எடுத்துத் தாறா. நீ பஸ் ஏறின அண்டே பத்திரப்படுத்தினாவாம். நீ சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்திச்சி மகள், சாமானைத்தான் நான் பாக்கல்ல. மேல எழுதினதெல்லாத்தையும் வெட்டிரு. ஆனா பார்சலுக்குள்ள ரெண்டையும் வைச்சிருக்கிறன். அந்தப் பட்டியையும் உங்கட சேரை ஒருக்காப் பாக்கச் சொல்லு. உன்டதை இன்னும் எந்த எருமையும் இழுத்துப் பாக்கல்லத்தானே.