ராஜினாமா செய்தால்தான் பேசுவார்

பெங்களூரில் முதலாளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முப்பத்திரண்டு பேருக்கு மாதாமாதம் சம்பளம் போட்டுவிட்டு, அவர்களில் ஒருத்தருக்காவது கல்யாணம் ஆகிவிட்டதா, அப்பா அம்மா இருக்கிறார்களா, சொந்த ஊர் எது என்று எதுவுமே தெரியாமல் உட்கார்ந்திருந்த ஒரே முதலாளி எங்கள் பேடா சார்தான். எதிர்வீட்டு நாயைப் பற்றிக்கூட நமக்கு இதைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

பேடா என்றதும் பால்பேடா ஞாபகத்தில் நாக்கு ஊற வேண்டாம். இது கன்னட பேடா. அர்த்தம், 'வேண்டாம்'.

கம்பெனியின் பெயரில் முதல் வார்த்தை பீட்டா. மிச்சத்தைச் சொல்ல மாட்டேன், இன்னும் நடந்துகொண்டிருக்கிற கம்பெனி. பெயர்ப் பலகையில் கன்னடம்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்று விதி வந்தபோது, தெருவில் மற்றவர்கள் எல்லாம் நோட்டீஸ் வரட்டும் பார்க்கலாம் என்று இருந்தார்கள். இவர் அன்றைக்கே பெயின்டருக்குப் போன் போட்டார். அமெரிக்காவில் சில வருஷம் இருந்துவிட்டு வந்த வாய் அது. பீட்டா என்று வராது, 'பேய்டா' என்றுதான் வரும். பெயின்டர் காதில் விழுந்ததை அப்படியே எழுதி, கொண்டு வந்து மாட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை எங்கள் கம்பெனி இரண்டடி உயர எழுத்தில் 'வேண்டாம்' என்று தெருவுக்கே அறிவித்துக்கொண்டிருந்தது.

கீழே டீக்கடை வைத்திருந்த மஞ்சுநாத்துக்குத் தமிழ் நன்றாக வரும். என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் சார், கஸ்டமர் பேடாவா, ஸ்டாஃப் பேடாவா? எதுன்னு சேர்த்து எழுதிட்டா நாங்களும் தெரிஞ்சுக்குவோம்ல."

பலகை இரண்டு நாளில் மாறியது. முதலாளிக்கு ஒட்டிக்கொண்ட பெயர் மாறவில்லை.

மாறாததற்குக் காரணம், அதற்கப்புறம் நடந்த ஒரு டிரெயினிங். ஆபீசில் யாரையும் பாகுபாடாக நடத்தக் கூடாது என்று எல்லோருக்கும் வகுப்பெடுத்தால்தான் கான்ட்ராக்ட் என்று ஒரு வெளிநாட்டு கஸ்டமர் சொல்லிவிட்டார். வகுப்பெடுக்க வந்த அம்மாள், மதம், சாதி, கல்யாணம் என்று வேலைக்குச் சம்பந்தமில்லாத கேள்விகளைத் தவிர்க்கச் சொன்னார். நாங்கள் சமோசா தின்றுகொண்டே கேட்டு, சமோசாவோடு சேர்த்து ஜீரணித்துவிட்டோம். பேடா சார் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதினதோடு நிற்காமல் மேற்கொண்டு யோசிக்கவும் செய்தார். அதுதான் வினை.

முதலில் போனது "ஹேட் லஞ்ச்?". சாப்பிட்டாச்சா என்றால் அடுத்து என்ன சாப்பாடு என்று வரும், அதில் சாதி தெரியும். பண்டிகைக்கு லீவு கேட்டால் மதம் தெரிகிறது என்று, லீவு ஃபாரத்தில் காரணம் எழுதுகிற கட்டத்தையே எடுத்துவிட்டார். "ஹவ்ஸ் டிராஃபிக்?" என்ற ஒன்று மட்டும் கொஞ்ச நாள் ஓடியது. ஒருத்தன் பாட்டுக்கு "ஃப்ரம் ஆனேக்கல், டூ அவர்ஸ் சார்" என்று சொல்லித் தொலைக்க, ஐயோ ஏரியா தெரிந்துவிட்டதே என்று அதையும் நிறுத்தினார். கடைசியில் மிஞ்சியது வானிலைதான். "லுக்ஸ் லைக் ரெயின்." மார்ச் மாத வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் அதே லுக்ஸ் லைக் ரெயின். ஆபீசில் அவர் பேசுவது இங்கிலீஷ் மட்டும். தாய்மொழி எது என்று அவரும் சொன்னதில்லை, கேட்க எங்களுக்கும் தைரியம் இல்லை.

எங்கள் டீம் லீடர் ஸ்டெல்லாக்காவுக்கு எட்டாவது மாதம். லிஃப்ட் ரிப்பேர் செய்ய வந்தவர்கூட "பார்த்து நடங்கம்மா" என்றார். பேடா சார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் ஒரு திங்கட்கிழமை அக்காவின் மேசை பாத்ரூமுக்குப் பக்கத்தில் போயிருந்தது, சாய்வு நாற்காலி ஒன்று புதிதாக வந்திருந்தது, 'இருக்கை மறுசீரமைப்பு' என்று எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது.

"என் வயித்துல என்ன இருக்குன்னு நெனச்சிட்டாரு குமாரு, ஃபுட்பாலா?" என்றார் அக்கா. "எதுவுமே கேக்க மாட்டேங்கறாருன்னு கம்ப்ளெயின்ட் குடுக்கலாம்னு பாத்தா, கம்ப்ளெயின்ட் கமிட்டிக்குத் தலைவியே நான்தான்."

அதே கஸ்டமர் அடுத்த வருஷம் இன்னொரு ஃபாரம் அனுப்பினார். ஆபீசில் பெண்கள் எத்தனை பேர், எத்தனை மொழிக்காரர்கள், எந்தெந்தப் பின்னணி, எல்லாம் நிரப்ப வேண்டும். கேட்கக் கூடாது என்றவரே கேட்டுச் சொல் என்றால் மனிதர் என்ன செய்வார். எல்லாக் கட்டத்திலும் 'தெரியாது' என்று எழுதி வைத்துவிட்டார். கான்ட்ராக்ட் போகிற நிலைமை. ஸ்டெல்லாக்காதான் இன்னொரு ஃபாரத்தை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனார். சொல்ல விருப்பம் இருந்தால் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். அரை மணி நேரத்தில் முப்பத்திரண்டு பேரும் மாமா மச்சான் கதை வரை சொல்லி முடித்துவிட்டோம். பேடா சார் அந்தக் காகிதத்தில் எப்படிக் கையெழுத்துப் போட்டார் தெரியுமா? மேல் பாதியை இடது கையால் மூடிக்கொண்டு.

மத்தியான வேளையில்தான் பார்க்கப் பாவமாக இருக்கும். தன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவார். கை கழுவுகிற சாக்கில் எங்கள் பக்கம் வந்து நிற்பார். முதலாளி வந்துவிட்டாரே என்று நாங்கள் பேச்சை நிறுத்துவோம். அவர் மைக்ரோவேவ் மேலே ஒட்டியிருந்த உபயோகக் குறிப்பைக் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டுப் போய்விடுவார். நான் இருந்த நாலு வருஷமும் அதே குறிப்புதான்.

நாலாவது வருஷம் என் அப்பா இறந்துபோனார். காரியம் எல்லாம் முடித்து, மொட்டைத் தலையோடு ஆபீசுக்குத் திரும்பினேன். ரூமில் கூட இருந்தவனும் வேலை மாறிப் போயிருந்தான். போளூரிலிருந்து வந்த பையனுக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள், ஆபீசை விட்டால்? எல்லோரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்டெல்லாக்கா அழுதேவிட்டார். பேடா சார் என் எதிரில் வந்து நின்றார். என் தலையைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார்.

"லுக்ஸ் லைக் ரெயின்" என்றார்.

மத்தியானம் ஒரு மெயில் வந்தது. இன்று முதல் ஏசி இருபத்தேழு டிகிரிக்குக் கீழே போகாது என்று. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பெற்ற அப்பன் செத்துப் போயிருக்கிறான், என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்க நாதியில்லை, ஏசியைப் பற்றி மெயில் வருகிறது. அன்றைக்கே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன்.

வேலையை விடுகிறவர்களிடம் காரணம் கேட்டு எழுதிக்கொள்வது எல்லாக் கம்பெனியிலும் உள்ள சம்பிரதாயம். எங்கள் ஆபீசில் அதைப் பேடா சாரே செய்வார். மற்ற இடத்தில் பத்து நிமிஷம் ஆகிற வேலை, இவருக்குச் சாயங்காலம் வரை போகும். உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். திட்டுவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். நானும் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் போனேன்.

கதவைச் சாத்தினார். என் கடிதத்தை ஒருமுறை பார்த்தார். அப்புறம், பெங்களூரில் ஏழைத் தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரத்தின் சுத்தமான தமிழில் கேட்டார்:

"எந்த ஊருப்பா நீ?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீங்க தமிழா சார்?"

"ஸ்ரீராம்புரம்தான். பொறந்து வளந்ததெல்லாம் அங்கதான். அத வுடு. அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"ஹார்ட் சார்."

"வூட்டுலயா, ஆஸ்பத்திரியிலயா? நீ பக்கத்துல இருந்தியா?"

"இல்ல சார். நான் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்பிடி மனுஷன்யா உங்கப்பா? சொல்லு" என்றார்.

ஊரில் எல்லோரும் எப்படிச் செத்தார் என்றுதான் கேட்டார்கள். எப்படி இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. நான் சொன்னேன். அப்பா டவுன் பஸ் கண்டக்டராக இருந்தது, ரிட்டையர் ஆன பிறகும் பஸ்ஸில் சீட் காலியாக இருந்தால் உட்காராமல் பின்வாசல் பக்கமே நின்றுகொண்டு வருவது, கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் தலையை எண்ணுவது. பேடா சார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

"இவ்ளோ நாள் ஏன் சார் ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன்.

"என் மொத இன்டர்வியூல எந்த ஏரியான்னு கேட்டாங்க. ஸ்ரீராம்புரம்னேன். அப்பா என்ன பண்றாருன்னாங்க. கார்ப்பரேஷன்ல தெரு கூட்டுறாருன்னேன். அதுவரைக்கும் கம்ப்யூட்டர் பத்திக் கேட்டுனு இருந்தவங்க, அப்புறம் ஒண்ணுமே கேக்கல. டீ குடிச்சிட்டுப் போன்னாங்க." மேசையைத் தடவிக்கொண்டே சொன்னார். "நான் சும்மாதான் கேப்பேன். ஆனா சம்பளம் குடுக்கறவன் சும்மா கேக்கறானா இல்லியான்னு பதில் சொல்றவனுக்கு எப்பிடித் தெரியும், சொல்லு. போறவன்னா பயமில்ல. அவன என்னால ஒண்ணும் பண்ண முடியாது. யாராச்சும் ரிசைன் பண்ணா கம்பெனிக்கு நஷ்டம், எனக்கு ஒரு மனுஷன் கெடைக்கிறான்."

மூன்று மணி நேரம் பேசினோம். ஏசி மெயில் என் மொட்டைத் தலைக்குக் குளிரக் கூடாது என்றுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. "லெட்டர வாபஸ் வாங்கிக்கறேன் சார்" என்றேன்.

"வாங்கிக்கோ. நல்ல ஆளு நீ, எனக்கும் வேணும்" என்றார். ஆனால் முகம் விழுந்துவிட்டது. "நாளைலேர்ந்து நான் உன்கிட்ட..."

"மழை வரும்போல இருக்குன்னு சொல்லுவீங்க."

"ஆமா" என்றார்.

நான் யோசித்தேன். பெங்களூரில் இன்னொரு வேலை கிடைக்கும். என் அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்க இன்னொருத்தர் கிடைப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. கடிதம் அப்படியே இருக்கட்டும் சார் என்றேன். அவர் நல்லது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் நம்பரைத் தன் சொந்தப் போனில் பதிந்துகொண்டார்.

இப்போது நான் இருப்பது பெரிய கம்பெனி. இங்கே முதல் நாளே எல்லாம் கேட்டார்கள், எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அவர் இன்னும் அந்த இரண்டாவது மாடியில், முப்பத்திரண்டு பேருக்கு நடுவே தனியாகத்தான் இருக்கிறார். போன வாரத்தோடு அப்பா போய் மூன்று வருஷம். வேலை அவசரத்தில் எனக்கே தேதி மறந்துவிட்டது. காலையில் குளித்துவிட்டு வரும்போது போன் அடித்தது.

"தம்பி, இன்னிக்கு உங்கப்பா நாளாச்சே. படத்துக்குப் பூ போட்டியா?"

அம்மாவின் போன்கூட அதற்கு அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தது.