மொதல் வரி பாய் ஏன் வரவில்லை

நீங்கள் ஒரு கோழை, பாய். இதை உங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னேன், நீங்கள் வெளியே வரவில்லை. அதனால் அச்சில் சொல்கிறேன்.

வாசகர்களுக்கு விஷயம் தெரிய வேண்டும். தேனாம்பேட்டையில் கம்ப்யூட்டர் தட்டிப் பிழைக்கிற அத்தனை பேரையும் ஒரு தட்டில் வைத்து, இவர் ஒருத்தரை மறு தட்டில் வைத்தாலும், அடுத்தவன் மானத்தை வாங்குகிற திறமையில் இவர் தட்டுதான் தாழும். அவருக்கு ஒரு பெயர் உண்டு. அது சம்பளம் போடுகிற பெண்ணுக்கு மட்டும் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் மொதல் வரி பாய். இப்போது ராஜினாமா எழுதி அனுப்பிவிட்டு மயிலாப்பூரில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் முதலாளி அந்தக் காகிதத்தை டிராயரில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் பாய் வராவிட்டால் கையெழுத்துப் போடுவாராம்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு யாரும் ஒரு சாஃப்ட்வேரை முழுசாகத் தானே எழுதுவதில்லை. உலகத்தில் யார் யாரோ எழுதி இலவசமாகப் போட்டு வைத்த துண்டுகளை இறக்கி ஒட்ட வைக்கிறோம். லைப்ரரி என்று அதற்குப் பெயர். ஒரு துண்டு இன்னொன்றைக் கேட்கும். அது மூன்றாவதைக் கேட்கும். சம்பந்தி வீட்டு விருந்து மாதிரி, ஒருத்தர் வரவில்லை என்றால் மற்றவர்களும் இலையில் உட்கார மாட்டார்கள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் ஒப்பாரி வரும். அதில் கடைசி வரியை மட்டும் பார்ப்பது எங்கள் குலவழக்கம். கடைசி வரியில் எப்போதும் ஒன்றுதான் இருக்கும்: முடியவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு கடைசி வரியை எடுத்து இணையத்தில் தேடினேன். எந்த ஊர்க்காரனோ எதையோ போடச் சொன்னான், போட்டேன். இன்னொருத்தன் அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடச் சொன்னான், அதையும் செய்தேன். மதியத்துக்குள் முன்னால் ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுபோனது. பின்னால் ஒரு நிழல் விழுந்தது.

பாய் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அடுத்தவர் கீபோர்டைத் தொட மாட்டார். திரையையும் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

“மொதல் வரி படி நைனா.”

“பாய், கடைசில என்ன போட்டிருக்குன்னா...”

“கடைசி வரிய எமன் படிப்பான். நீ மொதல் வரி படி. சத்தமா. எழுந்து நின்னு.”

ஆபீஸே தட்டுவதை நிறுத்திவிட்டது. மேலே மேலே உருட்டிக்கொண்டு போய், முதல் வரியைக் கண்டுபிடித்து, இங்கிலீஷில் படித்தேன்.

“தமிழ்ல சொல்லு. இன்னா இல்லன்னு அழுவுது?”

ஒரு ஃபைல் இல்லை என்று அழுதது. பெயரும் அதிலேயே இருந்தது. அதைப் போட்டதும் எல்லாம் அடங்கியது. ஆனால் நான் அடங்க ஒரு வாரம் ஆனது.

“கண்டவன் சொன்னான்னு எல்லாத்தையும் முழுங்கிக்கினே இருந்தா வயிறு இன்னாத்துக்கு ஆவும்?” என்று கேட்டுவிட்டுப் போனார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவர்கள் முறை வந்தது, நான் சிரித்தேன். அந்த ஆபீஸில் எழுந்து நின்று படிக்காத ஆள் கிடையாது. முதலாளியே ஒருமுறை நின்றார், டை கட்டிக்கொண்டு.

பாயின் வியாதி கம்ப்யூட்டரோடு நிற்கவில்லை. கீழே டீக்கடை மாஸ்டர் ஒருநாள் டீ இல்லை என்றார்.

“ஏன் இல்ல?”

“பால் வரல பாய்.”

“பால் ஏன் வரல?”

“வண்டி வரல.”

“வண்டி ஏன் வரல?”

“மெட்ரோ வேலைன்னு ரோட்ட அடைச்சு வெச்சிக்கிறான் பாய். வுடு.”

“அப்ப டீ இல்லன்னு சொல்லாத. ரோடு இல்லன்னு சொல்லு.”

மாஸ்டர் அன்று முழுக்க, டீ கேட்டு வந்த எல்லாரிடமும் ரோடு இல்லை என்றே சொல்லி அனுப்பினார். இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள்.

சொந்த அக்கா மகள் கல்யாணத்தில் பிரியாணி தாமதமானது. மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பாய் சமையல்காரரை மேடைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து விசாரித்தாராம். அரிசி இருக்கிறது, கறி இருக்கிறது, தம் போட கரி இல்லை, கரி மூட்டை வண்டியில் இருக்கிறது, வண்டிச் சாவி மாப்பிள்ளையின் சித்தப்பா பாக்கெட்டில் இருக்கிறது. சித்தப்பாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை என்று பாபியே, அதாவது பாயின் மனைவியே, எங்களிடம் சொன்னார்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் அடையாறில் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கு அழைத்துப் போனோம்.

நாங்கள் செய்த சாஃப்ட்வேர், அச்சடித்த தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து வாய்விட்டுப் படிக்கும். அங்கே சாந்தி டீச்சர் இருந்தார். அவருக்கும் பார்வை கிடையாது. தான் தயாரித்த கேள்வித்தாள் அச்சாகி வந்ததும், யாரையும் கூப்பிடாமல் தானே சரிபார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி சால்வை வாங்கியிருந்தார். என்னென்ன லைப்ரரி போட வேண்டும் என்று பாய் தொடக்கத்தில் எழுதிக் கொடுத்த வரிசைப்படி நான் ஒவ்வொன்றாகப் போட்டேன். ஸ்கேனரில் ஒரு பக்கத்தை வைத்தேன். சிவப்பு எழுத்து வந்தது.

முதலாளி ஒரு நொடி யோசித்தார்.

“டீச்சர், உங்க சிஸ்டம் கொஞ்சம் பழசு போலருக்கு.”

“போன வாரம்தான் சார் வந்துது. டப்பா இன்னும் அங்கயே கெடக்கு.”

எனக்குக் காது சூடானது. பாய் வழக்கம்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். “மொதல் வரி படி நைனா” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சரின் கம்ப்யூட்டர் தானே படிக்க ஆரம்பித்துவிட்டது. திரையில் இருப்பதைப் பேசிக் காட்டுகிற வசதி அதில் உண்டு. நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் பேசியது. அவர்களுக்கு அதுதான் சாதாரண வேகம். அதோடு, காதால் படிக்கிறவர்கள் எங்களைப் போலக் கடைசி வரிக்குத் தாவுவதில்லை. முதலில் வருவதுதான் முதலில் காதில் விழும்.

“சார், தமிழ் இல்லியாம்” என்றார் டீச்சர்.

“என்னம்மா?”

“தமிழ் எழுத்து படிக்கறதுக்கு ஒரு ஃபைல் வேணுமாம். அது இல்லியாம். மொதல்லயே சொல்லுது.”

பிள்ளைகள் சிரித்தார்கள். தமிழ் படிக்கிற சாஃப்ட்வேரைத் தமிழ் இல்லாமல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். மேளம் இல்லாமல் வந்த மேளக்காரர்கள். முதலாளி சால்வையைப் பைக்குள் தள்ளினார். நான் தரையைப் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் தரைதான் தெரிகிறது.

பாய் கண்ணைத் திறந்தார். எங்கள் ஆபீஸில் முதல் கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைக் கையால் போட்டவர் அவர். போட்டவர் வரிசையில் எழுதவில்லை. பின்னால் வந்த எல்லா கம்ப்யூட்டருக்கும் அந்த முதல் கம்ப்யூட்டரையே அப்படியே நகல் எடுத்ததால், அது இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

“நான்தான் எழுதல” என்றார். சத்தமாகத்தான் சொன்னார். எழுந்து நிற்கத் தேவை இருக்கவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தார். முதுகுக்குப் பின்னால் இருந்த கை இரண்டும் முன்னால் வந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“அதனால என்ன பாய், போன்லேந்து நெட் குடுங்க, எறக்கிக்கலாம்” என்றார் டீச்சர். இறக்கினோம். கம்ப்யூட்டர் படித்தது. டீச்சர் கேள்வித்தாளை வைத்துக் கேட்டு, ஐந்தாவது கேள்வியில் ஒரு தப்பைத் தானே பிடித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். சால்வை மறுபடி வெளியே வந்தது. பாய் மட்டும் அவர்கள் கொடுத்த ரஸ்னாவைக் குடிக்கவில்லை.

அடுத்த நாள் ஆபீஸில் ஒரு பெண்ணுக்கு எரர் வந்தது. வழக்கப்படி எழுந்து நின்றாள். பாய் வந்தார். “நீ உக்காரும்மா” என்று கீபோர்டை வாங்கித் தானே சரி செய்துவிட்டுப் போனார். ஆபீஸே பயந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் அவர் வரவில்லை.

மயிலாப்பூருக்குப் போனேன். பாபி கதவைத் திறந்தார்.

“பாய் இருக்காரா பாபி?”

“கீறாரு. இல்லன்னு சொல்லச் சொன்னாரு.”

உள்ளேயிருந்து, “இல்லன்னு சொல்லு” என்று குரல் வந்தது.

“நேத்து கொழம்புல உப்பு போடல, வேணும்னேதான். ஏன் இல்லன்னு ஒரு வார்த்த கேக்கல. தின்னுட்டுப் பூட்டாரு. எனக்கு பயமா கீது” என்றார் பாபி, குரலைத் தாழ்த்தி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாசலில் நின்று கத்தினேன். “பாய், நீங்க எங்க மானத்த எத்தனை வாட்டி வாங்கியிருப்பீங்க? யாராச்சும் வேலைய வுட்டு ஓடினோமா? அடுத்த நாள் வந்து டீ குடிச்சோம்ல?”

உள்ளேயிருந்தே சொன்னார்: “நீங்கள்லாம் தப்பு பண்ணிட்டுப் படிச்சீங்க நைனா. நான் படிக்க வெச்சிக்கினே தப்பு பண்ணிக்கினு இருந்தேன். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது?”

இருக்கிற மூஞ்சியை வைத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை சாந்தி டீச்சர் போன் செய்தார். மற்ற கம்ப்யூட்டர்களிலும் போட வேண்டுமாம். “அந்த பாய அனுப்புங்க. அன்னிக்கு அங்க உண்மைய சொன்னவரு அவர் ஒருத்தர்தான். வேற யார் வந்தாலும் கேட்டுலயே நிக்க வேண்டியதுதான்” என்றார். கம்ப்யூட்டர் பழசு என்ற முதலாளியும், வாயை மூடிக்கொண்டிருந்த நானும் கேட்டுக்கு வெளியே.

பாய், இந்தப் பத்திரிகை உங்கள் தெரு சலூனுக்கு வருகிறது. நீங்கள் அதைப் புரட்டுவது எனக்குத் தெரியும். எனக்கு போன் வேண்டாம், பாபி மூலமாகத் தூது வேண்டாம். இந்தப் பத்திரிகைக்கே எழுதுங்கள், எல்லாரும் படிக்கிற மாதிரி: மாதக் கடைசிக்குள் வருவீர்களா, மாட்டீர்களா? மாட்டேன் என்றால் ஏன் என்று சாந்தி டீச்சருக்கு நீங்களே சொல்லுங்கள். என்னால் முடியாது. ஆபீஸில் இப்போது யார் தப்புச் செய்தாலும் சத்தமில்லாமல் மறைத்துவிடுகிறோம், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை. வெட்கப்படுவதற்குக்கூட எங்களுக்கு நீங்கள் பக்கத்தில் வேண்டியிருக்கிறது, பாய்.